அம்மா படுத்திருக்கிறாள், மகள் ஓடித் திரிகிறாள்: "மெட்ரோ" என்ற பிள்ளைக்குச் சுழியமா?

மாலைவகுப்பு_மிஸ் · சனி, இரவு 9:14

எல்லோருக்கும் வணக்கம். மொரிஷியஸில் ரோஸ் ஹில் பக்கம் மாலை வகுப்பில் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். இன்று ஒரு கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்கு விடுகதைப் போட்டி வைத்தார்கள். எந்தக் கோயில் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். என் வகுப்பிலிருந்து மூன்று பேரைக் கூட்டிப் போயிருந்தேன். கடைசிச் சுற்றில் வந்தது இது:

அம்மா படுத்திருக்கிறாள், மகள் ஓடித் திரிகிறாள். அது என்ன?

என் வகுப்புப் பெண், ஒன்பது வயது, கையைத் தூக்கி "மெட்ரோ!" என்றாள். மண்டபம் முழுக்கச் சிரிப்பு. நடுவர், "தவறு, அம்மியும் குழவியும்" என்று சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையிடம் போய்விட்டார். இவள் உட்காரவில்லை. "தண்டவாளம் படுத்திருக்கு, மெட்ரோ அதுமேல ஓடுது" என்றாள். யாரும் காதில் வாங்கவில்லை. ஒரு மதிப்பெண்ணில் கோப்பை போனது.

கோப்பை போகட்டும். திரும்பி வரும்போது என்னிடம் கேட்டாள்: "மிஸ், அம்மின்னா என்ன?"

அவர்கள் வீடு மூன்றாம் மாடி. மசாலா பாக்கெட்டில் வருகிறது. ஜன்னலைத் திறந்தால் மெட்ரோ தெரிகிறது. அவள் தினமும் பார்ப்பதை வைத்துப் பதில் சொன்னாள். சுழியம் போட்டது நியாயமா? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

கணக்குப்புலி · சனி, இரவு 9:40

நியாயமே இல்லை மிஸ். ஒரு சமன்பாட்டுக்கு இரண்டு தீர்வு இருந்தால் இரண்டுக்கும் மதிப்பெண் போடுகிறோம். ஒன்றுதான் வேண்டுமென்றால் கேள்வியை இறுக்கிக் கட்ட வேண்டியது கேட்டவர் பொறுப்பு. கேள்வியைத் தளர விட்டுவிட்டுப் பிள்ளை தலையில் குட்டுவது என்ன வழக்கம்?

கல்லுரல் · சனி, இரவு 10:05

கணக்குக்கும் விடுகதைக்கும் முடிச்சுப் போடாதீர்கள் தம்பி. விடுகதைக்கு விடை ஒன்றுதான். அது வழிவழியாக வருவது.

அம்மாவும் மகளும் என்று ஏன் சொன்னார்கள்? எஜமானியும் வேலைக்காரியும் என்று சொல்லியிருக்கலாமே. அம்மியையும் குழவியையும் ஒரே பாறையில் வெட்டி எடுப்பார்கள். அதனால்தான் தாயும் மகளும். அம்மி அசையாது. குழவி அதன் மடியிலேயே போகும், வரும், அங்கேயே தூங்கும். மெட்ரோ அப்படியா? அது இரும்புப் பாதை, இது வண்டி. என்ன உறவு? ஓடுகிறது என்ற ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு சொன்ன பதில் அது.

இன்னொன்றும் சொல்கிறேன். குழவி என்றாலே தமிழில் குழந்தை. விடுகதை விடையைத் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்திருக்கிறது. "மகள்" என்று கேட்டவுடன் தமிழ் தெரிந்த காது "குழவி" என்று போய் நிற்கும். மெட்ரோ என்று போய் நிற்காது.

ஆயா_பேத்தி · சனி, இரவு 10:31

கல்லுரல் ஐயா, நம் ஊர்க் கிரியோலில் அம்மிக்கு ரோஸ் கரி, குழவிக்கு என்ன பெயர் சொல்லுங்கள்? பாபா! பாபா என்றாலும் குழந்தைதானே. எங்கள் ஆயா "பாபாவைக் கழுவி வை" என்றால் பக்கத்து வீட்டு உண்மையான பாபா அழும். தமிழே தெரியாத வீட்டிலும் கல் தாயும் பிள்ளையுமாகத்தான் கிடக்கிறது. இப்போதுதான் உறைக்கிறது.

கல்லுரல் · சனி, இரவு 10:38

அப்படியானால் என் கட்சிக்கு இரண்டு மொழி சாட்சி.

மாலைவகுப்பு_மிஸ் · ஞாயிறு, மதியம் 1:20

இன்று காலை கோயிலில் அவளைப் பார்த்தேன். ஐயா சொன்னதை அப்படியே சொன்னேன்: அம்மியும் குழவியும் ஒரே கல், அதனால் அம்மா மகள், மெட்ரோவுக்கு அந்த உறவு இல்லை. சுண்டலைத் தின்று முடிக்கும் வரை பேசவில்லை. பிறகு:

"மெட்ரோ சக்கரம் எதுல செஞ்சது மிஸ்?"

"இரும்பு. எஃகுன்னு சொல்லணும்."

"தண்டவாளம்?"

அதற்கு மேல் நான் என்ன பேச?

கணக்குப்புலி · ஞாயிறு, மதியம் 1:26

ஹாஹாஹா. ஐயா, சாட்சி பல்டி அடித்துவிட்டது.

பிசி_பித்தன் · ஞாயிறு, பிற்பகல் 3:02

புதுச்சேரியிலிருந்து இங்கே வந்து சில வருடம் ஆகிறது. தமிழ் படித்தவன் என்ற ஒரே தகுதியில் மூக்கை நுழைக்கிறேன்.

விடுகதைக்குப் பழைய பெயர் பிசி. தொல்காப்பியம் செய்யுளியல் அதை இரண்டாகப் பிரிக்கிறது: "ஒப்பொடு புணர்ந்த உவமத் தானும், தோன்றுவது கிளந்த துணிவி னானும்." ஒன்று, ஒரு பொருளை இன்னொன்றாக உவமித்துக் காட்டுவது. மற்றது, கண்ணுக்குத் தெரியும் இயல்புகளை எடுத்துச் சொல்லிப் பொருளை நம்மையே துணிய விடுவது. முதல் வகைக்கு உரைகாரர் காட்டும் உதாரணம் நான்கே சொல்: "பிறை கவ்வி மலை நடக்கும்." யானை. பிறைதான் தந்தம், மலைதான் உடம்பு. இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

இலக்கணம் ஒப்புமையைத்தான் கேட்கிறது. "ஒரே விடைதான் இருக்கவேண்டும்" என்று அந்த நூற்பாவில் இல்லை. ஒப்பு பொருந்தினால் பிசி பொருந்தியது. அந்தச் சிறுமி ஒப்பும் காட்டினாள், உறவுக்கு எஃகையும் காட்டினாள். தொல்காப்பியர் மண்டபத்தில் உட்கார்ந்திருந்தால் குறைந்தது அரை மதிப்பெண் போட்டிருப்பார்.

சக்கரவள்ளி · ஞாயிறு, பிற்பகல் 3:15

"பிறை கவ்வி மலை நடக்கும்" என்று என் மகனிடம் இப்போதுதான் கேட்டேன். ஏழு வயது.

"ஜேசிபி" என்றான்.

பிசி_பித்தன் · ஞாயிறு, பிற்பகல் 3:17

வளைந்த தொட்டி பிறை, வண்டி மலை… நான் கடையைக் கட்டுகிறேன்.

கல்லுரல் · ஞாயிறு, மாலை 5:50

சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் யோசியுங்கள். யானைக்கு ஜேசிபி, அம்மிக்கு மெட்ரோ என்று எல்லாவற்றையும் சரி, சரி என்றால் கடைசியில் பிள்ளைகளுக்கு யானையும் தெரியாது அம்மியும் தெரியாது. தமிழைச் சொல்லிக் கொடுக்கத்தான் போட்டி வைக்கிறோம். புத்திசாலித்தனத்தைச் சோதிக்கவா வைக்கிறோம்? அதற்குத்தான் பள்ளிக்கூடம் இருக்கிறதே.

அது சரி, இந்தத் தீவுக்கு ரயில் ஒன்றும் புதிதில்லை. 1864-லேயே ஓடியது. ஆள் ஏறும் ரயில் 1956-ல் நின்றது. என் சிறுவயதில் வண்டி போய்விட்டது, பாதை கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதில் நடந்திருக்கிறேன். ஆனால் அந்தக் காலத்தில் யாரும் இந்த விடுகதைக்கு ரயில் என்று சொல்லிக் கேட்டதில்லை.

கணக்குப்புலி · ஞாயிறு, மாலை 5:58

ஐயா, கேட்டதில்லையா, இல்லை சொல்ல விடவில்லையா?

ஆயா_பேத்தி · ஞாயிறு, இரவு 8:44

நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஆயா கரும்புத் தோட்டத்தில் வேலை செய்தவர். தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது, தேவாரம் மட்டும் மனப்பாடம். சாயங்காலம் முற்றத்தில் உட்கார்ந்தால் பக்கத்து வீட்டுக் கிரியோல் பாட்டியும் வந்துவிடுவார். அந்தப் பாட்டி "சிராந்தான்?" (கிரியோலில் விடுகதைக்கு அதுதான் பெயர்) என்று குரல் கொடுத்தால் நாங்கள் பத்துப் பிள்ளைகளும் "சாம்பெக்!" என்று கத்த வேண்டும். கத்தாவிட்டால் அடுத்தது வராது. அதுதான் கதவைத் தட்டுகிற மாதிரி.

"திலோ திபூத்?" நிற்கும் தண்ணீர். கரும்பு!

"திலோ பாந்தான்?" தொங்கும் தண்ணீர். தேங்காய்!

அவ்வளவுதான் கேள்வி, இரண்டே சொல். உடனே எங்கள் ஆயா விட்டுக்கொடுக்காமல் தமிழில் ஒன்றைப் போடுவார்: "ஊசி நுழையாத கிணத்துல ஒரு படி தண்ணி." அதுவும் தேங்காய்தான்! ஒரே காயைப் பார்த்து ஒருத்தி தொங்குகிற தண்ணீர் என்கிறாள், இன்னொருத்தி வாசல் இல்லாத கிணறு என்கிறாள். ஒருத்தி கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தவள், மற்றவள் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தவள் என்று இப்போது தோன்றுகிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்த முற்றத்தில் நாங்கள் ஒருநாளும் யோசித்துக் கண்டுபிடித்ததே கிடையாது. எல்லா விடையும் எங்களுக்குத் தெரியும்! நூறு தடவை கேட்டதுதான். பாட்டி "திலோ" என்று வாயைத் திறக்கும்போதே நாங்கள் "கான்!" (கரும்பு) என்று கத்துவோம். முதல் தடவை கேட்கிற சின்னப் பிள்ளை முழிக்கும், பெரியவர்கள் விடையைச் சொல்லிவிடுவார்கள், மறுநாள் அந்தப் பிள்ளையும் கத்தும். அதுதான் விளையாட்டு. பாட்டில் பல்லவி வந்தால் சேர்ந்து பாடுவோமே, அந்த மாதிரி. யாருக்கும் மதிப்பெண் இல்லை.

வேறு விடை சொன்னால் என்ன ஆகும் என்றால், எங்கள் அண்ணன் ஒருநாள் "திலோ பாந்தான்" என்றதும் "சொட்டுகிற குழாய்" என்றான். (எங்கள் வீட்டுக் குழாய் அப்போது அப்படி.) பாட்டி விழுந்து விழுந்து சிரித்து, "அதுவும்தான்!" என்றார். மறுநாளிலிருந்து எங்கள் முற்றத்தில் தொங்கும் தண்ணீருக்கு இரண்டு விடை, தேங்காய் ஒரு கூச்சல், குழாய் ஒரு கூச்சல்.

சார்ல் பெசாக் என்பவர் 1888-ல் இந்தத் தீவின் நாட்டார் கதைகளைத் தொகுத்துப் பதிப்பித்தபோது சிராந்தான்களையும் சேர்த்தார். தாளில் ஏறியதும் ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே ஒரு விடை என்று ஆகிவிட்டது. முற்றத்தில் அப்படி இல்லை. விடுகதையைப் பரீட்சைத் தாளில் ஏற்றினால் அந்தப் பிள்ளைக்கு நடந்ததுதான் நடக்கும். கல்லுரல் ஐயா விடை ஒன்றுதான் என்பதும் சரி, மிஸ் சுழியம் அநியாயம் என்பதும் சரி. தப்பு மதிப்பெண்ணில் இருக்கிறது.

செயின்தாந்த்ரே_பையன் · ஞாயிறு, இரவு 9:30

பக்கத்துத் தீவு ரீயூனியனிலிருந்து எழுதுகிறேன். என் தமிழ் புதுச்சேரியில் போய்க் கற்றது, பிழை இருந்தால் மன்னிக்கவும். எங்கள் பக்கம் "கோசா இன் ஷோஜ்" என்று ஆரம்பிப்பார்கள், அது என்ன பொருள் என்று அர்த்தம். கதை சொல்கிறவர் "க்ரிகே!" என்றால் கேட்கிறவர்கள் "க்ராகே!" என்று சொல்ல வேண்டும். உங்கள் சாம்பெக் மாதிரி.

என் தாத்தா தமிழ் பேசமாட்டார், மாரியம்மன் பூஜையில் மட்டும் கொஞ்சம் வரும். அவர் சொன்ன விடுகதை எல்லாம் கிரியோல். ஆனால் அதில் இருந்த பொருளெல்லாம் தமிழ் வீட்டுப் பொருள். உலக்கை, முறம், வெற்றிலை.

கணக்குப்புலி · ஞாயிறு, இரவு 9:41

நல்ல வேளை வந்தீர்கள் தம்பி. உங்களுக்காகவே ஒன்று வைத்திருக்கிறேன். எங்களுக்கு மார்ச் 12 பெரிய நாள், 1968-ல் சுதந்திரம், 1992-ல் குடியரசு, இரண்டும் அன்றுதான். கேள்வி: ரீயூனியனில் மார்ச் 12 உண்டா?

செயின்தாந்த்ரே_பையன் · ஞாயிறு, இரவு 9:52

உண்டு அண்ணா. அன்றைக்கும் எங்களுக்கு வேலை உண்டு. 😄

சக்கரவள்ளி · ஞாயிறு, இரவு 9:55

நான் "இல்லை" என்று டைப் பண்ணி அனுப்பவே போனேன். காலண்டர் என்ன தீவுக்குத் தீவு மாறுமா என்று கடைசி நொடியில்தான் தோன்றியது.

கணக்குப்புலி · ஞாயிறு, இரவு 10:20

இதுதான் நான் சொல்ல வந்தது. விடுகதை வேறு, இந்த மடக்குக் கேள்வி வேறு. விடுகதை உலகத்தை உற்றுப் பார்க்க வைக்கிறது. மடக்குக் கேள்வி நம் அவசரத்தைப் பிடிக்கிறது. என் வகுப்பில் திங்கட்கிழமை காலை பாடத்துக்கு முன் ஒன்று போடுவேன். பிள்ளைகள் அதற்காகவே நேரத்துக்கு வருகிறார்கள்.

காவடி மாதத்தில் போட்டது: முருகனுக்கு முகம் ஆறு, கை பன்னிரண்டு, கால் எத்தனை? முக்கால்வாசிப் பேர் பன்னிரண்டு என்றார்கள். வீட்டில் பூஜை அறையில் தினமும் கும்பிடுகிற படம்! கால் இரண்டுதான். பார்க்கிறோம், ஆனால் பார்ப்பதில்லை.

இன்னொன்று: ராமாயணத்தில் தர்மர் எத்தனை வருஷம் வனவாசம் போனார்? ஒரு கூட்டம் பதினான்கு என்றது, ஒரு கூட்டம் பன்னிரண்டு என்று அடித்துச் சொன்னது. இரண்டு கூட்டத்துக்கும் சண்டை. தர்மர் ராமாயணத்தில் எங்கே வந்தார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. இதே தந்திரத்தை 1981-ல் எரிக்சன், மேட்சன் என்ற இருவர் ஆராய்ந்திருக்கிறார்கள். "மோசே பேழையில் ஒவ்வொரு விலங்கிலும் எத்தனை ஏற்றினார்?" என்று கேட்டார்கள். பேழை நோவாவுடையது என்று நன்றாகத் தெரிந்தவர்களே "இரண்டு" என்றார்கள். பெயர் கொஞ்சம் பொருந்துகிற மாதிரி இருந்தால் மூளை அதைச் சரிபார்க்காமல் தள்ளிக்கொண்டு போய்விடுகிறது.

கடைசியாக என் செல்லக் கேள்வி. தால்பூரி ரொட்டியும் அலூடா பானமும் சேர்ந்து 110 ரூபாய். அலூடா தால்பூரியைவிட 100 ரூபாய் அதிகம். தால்பூரி எவ்வளவு?

சக்கரவள்ளி · ஞாயிறு, இரவு 10:24

10.

செயின்தாந்த்ரே_பையன் · ஞாயிறு, இரவு 10:25

பத்து அண்ணா.

கணக்குப்புலி · ஞாயிறு, இரவு 10:31

தால்பூரி 10 என்றால் அலூடா 110, கூட்டினால் 120 ஆகிவிடும். தால்பூரி 5, அலூடா 105. இது மட்டையும் பந்தும் கேள்வியின் நம்மூர் உருவம். ஷேன் ஃபிரெடரிக் 2005-ல் வெளியிட்ட மூன்று கேள்விச் சோதனையில் முதல் கேள்வி. கணக்கு கடினமே இல்லை. பத்து என்று நாக்கு நுனியில் வந்து நிற்கிறது பாருங்கள், அதைத் தடுத்து நிறுத்துவதுதான் கடினம்.

சக்கரவள்ளி · ஞாயிறு, இரவு 10:33

கணக்கெல்லாம் கிடக்கட்டும். 5 ரூபாய்க்குத் தால்பூரி எந்தக் கடையில்? அதைச் சொல்லுங்கள், நாளைக்கே வரிசையில் நிற்கிறேன். 105 ரூபாய் அலூடா குடிக்கிறவன் எவன் என்றும் சொல்லுங்கள்.

மட்டுறுத்துநர் · ஞாயிறு, இரவு 10:50

இழையின் தலைப்பு ஒரு விடுகதையைப் பற்றியது. தால்பூரி விலைக்கு "சந்தை" பகுதியில் தனி இழை உண்டு.

தாதி_மீனா_அல்ல · திங்கள், காலை 6:12

இரவு வேலை முடித்து வந்து படித்தேன். (பெயரைப் பார்த்து மீனா என்று கூப்பிடாதீர்கள், அது பழைய கதை.)

கணக்குப்புலி சார், ரசித்தேன். ஆனால் "இதனால் மூளை கூர்மையாகும், மறதி வராது" என்று பெற்றோரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். வார்டில் பெரியவர்களுக்குப் பிள்ளைகள் கட்டுக்கட்டாகப் புதிர்ப் புத்தகம் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள், மருந்து மாதிரி. 2010-ல் நேச்சர் இதழில் ஒரு ஆய்வு வந்தது. 11,430 பேர் ஆறு வாரம் இணையத்தில் மூளைப் பயிற்சி விளையாட்டு ஆடினார்கள். எதை ஆடினார்களோ அதில் தேறினார்கள். ஆடாத மற்றதில், ஏறக்குறைய அதே திறமை வேண்டிய சோதனையில்கூட, அந்தத் தேர்ச்சி ஒட்டவில்லை. அதாவது புதிர் போட்டால் புதிரில் கெட்டிக்காரர் ஆகலாம்.

அந்தப் பெரியவர்களுக்கு நான் பார்த்த வரை பிடித்தது புத்தகம் இல்லை. ஒரு பாட்டி, எங்கள் பெயரே மறந்துவிடும், நான் ஊசியோடு வந்து "சிராந்தான்?" என்றால் உடனே "சாம்பெக்!" என்பார். கையையும் நீட்டிவிடுவார்.

ஆயா_பேத்தி · திங்கள், காலை 7:05

இதைப் பேருந்தில் படித்துவிட்டு இரண்டு நிறுத்தம் தாண்டிப் போய் இறங்கினேன்.

பிசி_பித்தன் · திங்கள், மதியம் 12:40

கடையைத் திரும்பத் திறக்கிறேன். மடக்குக் கேள்விக்கும் விடுகதைக்கும் நடுவில் இன்னொரு இனம் இருக்கிறது. மொழியிலேயே பூட்டு வைத்தது. ஔவையாரிடம் மரத்து மேலிருந்த மாட்டுக்காரப் பையன் கேட்டானே, "சுட்ட பழம் வேண்டுமா, சுடாத பழம் வேண்டுமா" என்று. கேட்டவன் முருகன் என்பது கதை. பாட்டி சுட்ட பழம் கேட்டாள், கிளையை உலுக்கினான், மண்ணில் விழுந்ததை எடுத்து ஊதினாள், "பாட்டி, பழம் சுடுகிறதா?" என்றான். "சுட்ட" என்ற ஒரு சொல்லை எடுத்துவிட்டால் கதையே இல்லை.

இதை இங்கே பிள்ளைகளுக்குச் சொன்னேன். கிரியோலில் யோசிக்கிற பிள்ளைகள், "பழத்தை ஏன் சுடணும்?" என்றார்கள். அரைமணி நேரம் விளக்கியும் ஏறவில்லை. பிறகு பள்ளிக்குப் பின்னால் இருந்த ஜாம்ப்லோன் மரத்தடிக்குக் கூட்டிப் போனேன். நாவல்பழம்தான், இங்கே அந்தப் பெயர். பழம் புழுதியில் விழுந்து கிடந்தது. ஒரு பையன் எடுத்தான், ஊதினான், நான் "சுடுதா?" என்றேன். ஒரு வினாடி. பிறகு சிரித்தான் பாருங்கள்! அவன் வாய் முழுக்க ஊதா. அன்றைக்கு நான் இலக்கணம் நடத்தவில்லை.

"குழவி"யும் இந்த இனம்தான். சொல்லுக்குள் பூட்டு. ஆனால் தேங்காயும் கரும்பும் அப்படியில்லை, கண் இருந்தால் போதும், எந்த மொழியிலும் திறக்கும். அதனால் கல்லுரல் ஐயாவிடம் ஒரே ஒரு வேண்டுகோள்: சாவியைக் கையில் கொடுக்காமல் பூட்டைத் திறக்கவில்லை என்று பிள்ளையைக் குற்றம் சொல்லாதீர்கள். அவள் அம்மியைப் பார்த்ததே இல்லை.

கல்லுரல் · திங்கள், இரவு 7:30

இரண்டு நாளாகச் சொல்லவேண்டாம் என்று இருந்தேன். சனிக்கிழமை அந்த மண்டபத்தில் நடுவராக உட்கார்ந்திருந்தவன் நான்தான்.

கையில் ஒரு தாள் கொடுத்தார்கள். இடப்பக்கம் கேள்வி, வலப்பக்கம் விடை. வலப்பக்கத்தில் இருப்பதைச் சொன்னால் ஒன்று, சொல்லாவிட்டால் சுழியம். நாற்பது கேள்வி, இருபது பிள்ளைகள், ஐந்து மணிக்குப் பூஜை. மெட்ரோ என்றதும் எனக்கும் உள்ளே சிரிப்பு வந்தது. எல்லோரும் சிரித்துவிட்டார்கள், நான் சிரித்தால் பிள்ளை இன்னும் சங்கடப்படும் என்றுதான் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு அடுத்ததற்குப் போனேன். நின்றுகொண்டு ஏதோ சொன்னாள், எனக்கு ஒரு காது மந்தம், விழவில்லை. தண்டவாளம் என்ற விளக்கத்தை மிஸ் எழுதித்தான் தெரிந்துகொண்டேன்.

விடையை மாற்றிக்கொள்ளவில்லை. அம்மி குழவிதான் விடை. ஆனால் அம்மி என்றால் என்ன என்று கேட்டாளாமே, அது எனக்கு உறுத்துகிறது. என் வீட்டுக் கொல்லையில் ஒன்று கிடக்கிறது, என் அம்மா அரைத்தது, நடுவில் பள்ளம் விழுந்த கல். மிஸ், ஞாயிற்றுக்கிழமை அவளையும் அவள் அப்பா அம்மாவையும் கூட்டி வாருங்கள். அரைத்துப் பார்க்கட்டும். முகவரியைத் தனிமடலில் அனுப்புகிறேன்.

கணக்குப்புலி · திங்கள், இரவு 7:33

ஐயா!!! நான் பேசிய பேச்செல்லாம்…

கல்லுரல் · திங்கள், இரவு 7:36

இருக்கட்டும் தம்பி. 110 ரூபாய்க் கேள்விக்கு நானும் பத்து என்றுதான் நினைத்தேன். எழுதவில்லை, அவ்வளவுதான்.

மாலைவகுப்பு_மிஸ் · ஞாயிறு, மாலை 6:15

போய் வந்தோம். மல்லி, மிளகாய், மஞ்சள் எல்லாம் வைத்திருந்தார். குழவி அவளால் தூக்க முடியாத கனம், இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளினாள். பத்து இழுப்பில் மூச்சு வாங்கியது. "மகள் ஓடித் திரியலையே, நான்தான் தள்றேன்" என்றாள். ஐயா பதில் சொல்லவில்லை, காது கேட்கவில்லையா என்று தெரியவில்லை.

கிளம்பும்போது, தானே ஒரு விடுகதை கட்டியிருப்பதாகவும் இந்த இழையில் போடச் சொல்லியும் கொடுத்தாள். எழுத்துப்பிழை மட்டும் நான் திருத்தினேன்:

பால் சுமக்கும், பசு இல்லை.
மயிலிறகு உண்டு, மயில் இல்லை.
மலை ஏறும், ஆடு இல்லை.
அது என்ன?

சக்கரவள்ளி · ஞாயிறு, மாலை 6:19

அடடா, காவடி! எவ்வளவு அழகு!

செயின்தாந்த்ரே_பையன் · ஞாயிறு, மாலை 6:24

காவடி. எங்கள் ஊரிலும் இதே விடைதான்.

பிசி_பித்தன் · ஞாயிறு, மாலை 6:31

காவடி. தோன்றுவது கிளந்த துணிவு, இரண்டாம் வகை. கோர் த கார்த் மலைப் படி ஏறுகிற காட்சி கண்ணில் நிற்கிறது. முழு மதிப்பெண்.

கணக்குப்புலி · ஞாயிறு, மாலை 6:33

காவடி. இதில் மடக்கு ஏதும் இல்லையே? இரண்டு தடவை படித்துவிட்டேன்.

கல்லுரல் · ஞாயிறு, மாலை 6:48

காவடி. சந்தேகமே இல்லை.

மாலைவகுப்பு_மிஸ் · ஞாயிறு, இரவு 8:02

எல்லாப் பதிலையும் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். "தப்பு" என்றாள்.

விடை: அப்பா.

காவடி தானாக மலை ஏறுமா, போன தையில் அப்பாதான் தூக்கிக்கொண்டு ஏறினார், கால் கொப்புளம் ஆறப் பத்து நாள் ஆயிற்று என்று சொல்கிறாள். ஐந்து பேருக்கும் சுழியமாம். கல்லுரல் தாத்தாவுக்கு மட்டும் மசாலா கொடுத்ததற்காக அரை.

கல்லுரல் · ஞாயிறு, இரவு 8:10

காவடியும் பொருந்துகிறதே, மிஸ்! அவளிடம் கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்கள்.